ஒன்பது கிலோமீட்டருக்குக் கீழே

லம்போர்கினியை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்கள், 300 கிலோமீட்டர் வேகத்தில் அது எப்படி ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்றுதான் எழுதுவார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. கடலூர் லாரன்ஸ் ரோடு, முன்னால் டவுன் பஸ், இரண்டு பக்கமும் ஷேர் ஆட்டோ. நடந்து போகிறவர் நம்மை முந்துகிற வேகத்தில் ஊர்ந்தால், இந்த வண்டியின் கிளட்ச் எத்தனை நாள் தாங்கும்?

வண்டி கல்லார்டோ எல்பி 560-4. 2008இல் வந்த மாடல். 5.2 லிட்டர் வி10 இன்ஜின், 560 குதிரைசக்தி, நான்கு சக்கரத்துக்கும் இழுவை. நம்பர் பிளேட் புதுச்சேரி. வரிக் கணக்குப் பார்த்து விலை உயர்ந்த கார்கள் அங்கே போய்ப் பதிவாவது ஊரறிந்த கதை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய உரிமையாளர், பெயர் போடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சாவியைக் கொடுத்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொன்று வந்தது: “ரிவர்ஸ் மட்டும் என்னைக் கேட்டுட்டுப் போடுங்க சார்.”

அந்தப் பயம் நியாயமானது. இதில் இருப்பது இ-கியர். கிளட்ச் பெடல் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பேடில். அதைப் பார்த்துவிட்டு ஆட்டோமேட்டிக் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உள்ளே இருப்பதோ மேனுவல் கியர்பாக்ஸும், இரண்டு பிளேட் கொண்ட உலர் கிளட்சும்தான். நம் காலுக்குப் பதிலாக ஹைட்ராலிக் பம்பும் கம்ப்யூட்டரும் அதை அழுத்தி விடுகின்றன. 1997இல் ஃபெராரி எஃப்355இல் வந்த எஃப்1 கியர்பாக்ஸும் இதே யோசனைதான். 2014இல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி.யும் அதேதான். அந்த வகையில் பக்கத்து வீட்டு செலேரியோவுக்கு இந்தக் கல்லார்டோ பெரியப்பா மகன் முறை. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் வழுக்குவதெல்லாம் எண்ணெய். இங்கே வழுக்குவது பிளேட். வழுக்கும் ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் தேய்மானம்.

எவ்வளவு தேய்மானம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. இந்த வண்டியில் முதல் கியர் உயரமானது. இன்ஜின் 1,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது முதல் கியரில் வேகம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அதற்குக் குறைவாகப் போக வேண்டுமென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்க முடியாது. பிடித்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். ஆக, 9 கிலோமீட்டருக்குக் கீழே இந்த வண்டி நகர்வதெல்லாம் ஹாஃப் கிளட்சில்தான். அதை வைப்பது நாம் இல்லை, கம்ப்யூட்டர். நம் காலுக்குச் சேதியே வராது. லாரிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் முதல் கியர் அவ்வளவு தாழ்ந்தது. காலி வண்டியை இரண்டாவதிலேயே எடுத்துவிடுவார்கள்.

புறப்படும் விதத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஆளும் பெட்ரோலுமாக வண்டி 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 ஆர்.பி.எம்.மில் மெதுவாக எடுத்து 9 கிலோமீட்டரில் கிளட்ச் பிடித்துவிட்டால், பிளேட்டில் இறங்கும் சூடு சுமார் 5 கிலோஜூல். இன்ஜினை 3,000இல் உறும விட்டு, 27 கிலோமீட்டர் வேகம் வரும்வரை வழுக்க விட்டால் அதே சூடு 48 கிலோஜூல். ஆர்.பி.எம். மூன்று மடங்கு, சூடு ஒன்பது மடங்கு. பீச்சில் பையன்கள் போனை நீட்டி “அண்ணா, ஒரு சவுண்டு விடுங்கண்ணா” என்று கேட்டால் நியூட்ரலில் கொடுத்துவிடுங்கள். கியரில் வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தில் ஏறி, திருப்பாதிரிப்புலியூர், லாரன்ஸ் ரோடு, ஓ.டி. (ஓல்டு டவுன்) என்று ஊருக்குள்ளேயே ஓட்டினேன். ‘ஏ’ பட்டனை அழுத்தி ஆட்டோ மோடில் விட்டால் வண்டி நெரிசலில் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு நகர்விலும் தலை முன்னும் பின்னும் ஆடும். பிரேக்கை விட்டால் தானாக ஊரவும் செய்யாது. ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டும். தொட்டால் கிளட்ச் பாதி ஒட்டும், விட்டால் விலகும். பயந்து பயந்து தொட்டு விடுகிறவர்தான் பிளேட்டை அதிகம் தின்கிறார். நான் கண்ட நல்ல வழி: முன்னால் ஒரு பஸ் நீளத்துக்கு இடம் விழும்வரை இரண்டு பேடிலையும் சேர்த்து இழுத்து நியூட்ரலில் நிற்பது. இடம் கிடைத்ததும் தயங்காமல் ஒரே எடுப்பில் 10 கிலோமீட்டரைத் தாண்டி, மறுபடி நியூட்ரல். பின்னால் ஹாரன் அடிக்கத்தான் செய்வார்கள். கிளட்ச் மாற்றக் காசு கொடுக்கப்போவது அவர்கள் இல்லை.

ஓ.டி. தாண்டி சிப்காட் தொழிற்பேட்டை. செம்மங்குப்பத்தில் உரிமையாளரின் உறவினர் வீடு இருக்கிறது, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். 2025 ஜூலை 8 காலையில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த கேட் அது. அதனால் அங்கே சோதனை கீதனை என்று எதுவும் கிடையாது. கேட் மூடியிருந்தது, இன்ஜினை நிறுத்தினோம். திறந்த பிறகும், முன்னால் போன டெம்போ தண்டவாளம் தாண்டி, அந்தப் பக்கம் எங்களுக்கு நிற்க இடம் விட்ட பிறகே கிளப்பினோம். கிளட்சை நம்பி ஏறி, தண்டவாளத்தின் மேல் யோசிக்கிற வண்டி இல்லை இது.

கேட்டுக்கு ஏறும் சிறு மேடுதான் அன்றைக்குக் கடினமான இடம். வயிறு தட்டாமல் இருக்க முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் இந்த வண்டியில் இருக்கிறது. தூக்கினாலும் மெதுவாகத்தான் ஏறியாக வேண்டும். மேடு, மெதுவான வேகம், இரண்டு பக்கமும் பைக்குகள்: கிளட்சுக்கு ஆகாத மூன்றும் ஒரே இடத்தில். பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் கால் மாறுவதற்குள் வண்டி ஒரு சாண் பின்னால் சாய்ந்தது. கம்ப்யூட்டர் பதறிப்போய்க் கிளட்சைக் கவ்வ, சீட்டுக்குப் பின்னால் ஒரு நடுக்கம். கவ்வி, விட்டு, மறுபடி கவ்வி ஏறியது. திரும்பி வரும்போது பழைய லாரி வழக்கத்தைப் பிடித்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து, ஆக்சிலரேட்டரை உறுதியாகக் கொடுத்து, வண்டி முன்னால் முட்டும் அதே நொடியில் ஹேண்ட்பிரேக்கை விடுவது. நடுக்கம் இல்லை. பின்சாய்வும் இல்லை.

முதல் முறை மேடு ஏறியதுமே ஒரு வாசனை வந்தது. உரிமையாளர் மூக்கைச் சுருக்கி என்னைப் பார்த்தார். “சார், இது சிப்காட்டா, நம்ம வண்டியா?” கெமிக்கல் வாடைக்குப் பழகிப்போன ஊரில் அது நியாயமான கேள்வி. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சைப் பிணைத்து வைத்திருப்பது ரெசின். சூடேறினால் அது தீய்ந்து, கருகிய முடியும் மீனும் கலந்த ஒரு நாற்றம் வரும். ஓரம் கட்டி நின்றோம். கடந்து போன காற்றில் வாசனை போகவில்லை, இன்ஜின் மூடிப் பக்கம் போனால் கூடியது. வண்டிதான். ஒருமுறை வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. தொடர்ந்து வர விட்டால் பிளேட்டின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்து, தடிமன் மிச்சம் இருந்தும் பிடிக்காமல் போகும்.

ஆலப்பாக்கத்துக்கு அப்புறம் சாலை நான்கு வழி. அங்கே இந்த வண்டியைப் பற்றிப் புகார் சொல்ல ஒன்றும் கிடையாது. நகர்ந்துகொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் கிளட்ச் வழுக்குவது நொடியில் ஒரு சின்னப் பங்கு. தேய்மானம் கணக்கிலேயே வராது. புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டைப் பிரிவு எல்லாம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஒரே கிளட்ச் சிலருக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் போவதும், சிலருக்கு நாற்பதாயிரம் தாண்டி ஓடுவதும் இதனால்தான். ஓடிய தூரம் கிளட்சின் வயதைச் சொல்லாது. எத்தனை முறை நின்று கிளம்பியது என்பதுதான் வயது, அதை எந்த மீட்டரும் காட்டாது.

சிதம்பரம் கீழ வீதியில் நிறுத்த இடம் கிடைத்தது, ஆனால் பின்னால் எடுத்துத்தான் நுழைக்க வேண்டும். ரிவர்ஸ் கியரில் அங்குல அங்குலமாகப் போவது முழுக்க முழுக்க ஹாஃப் கிளட்ச். நகரத்தில் இந்த வகை வண்டிகளின் பிளேட்டைத் தின்பதில் அதற்குத்தான் முதலிடம். நான் ‘ஆர்’ பட்டனைத் தேடுவதற்குள் உரிமையாளர் இறங்கிவிட்டார். டீக்கடையில் நின்றிருந்த நாலு பேரைக் கூப்பிட்டு, என்னை நியூட்ரலில் வைக்கச் சொல்லி, லம்போர்கினியைத் தள்ளியே நிறுத்தினார். “பேட்டரி போச்சாண்ணா?” என்று ஒரு பையன் கேட்டான். கோடிக்கணக்கில் விலை போட்டு வாங்கிய காரைத் தள்ளுவது கேவலம் என்று நினைக்காத உரிமையாளரின் வண்டியைத்தான் செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம். இ-கியர் கம்ப்யூட்டரில் டயக்னஸ்டிக் கருவியைச் செருகினால் கிளட்ச் தேய்மானம் சதவீதமாக வரும். அது பிளேட்டை நேரே அளந்த எண் அல்ல. பிளேட் தேயத் தேய டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களும், அவற்றின் மேல் உட்காரும் ரிலீஸ் பேரிங்கும் இடம் மாறும். சென்சார் பார்ப்பது அந்த இடத்தைத்தான். சூடாக இருக்கும்போது ஒரு எண் காட்டும், ஆறிய பிறகு வேறு எண் காட்டும். ஆகவே காலையில், குளிர்ந்த வண்டியில் பாருங்கள். மேற்பரப்பு கருகியிருப்பது இந்த எண்ணில் தெரியவே தெரியாது. அதற்கு மூன்றாவது அல்லது நான்காவது கியரில் தாழ்ந்த வேகத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள், ஆர்.பி.எம். துள்ளி ஏறி வேகம் பின்தங்கினால் பிளேட் போய்விட்டது.

இன்னொன்று, புதுக் கிளட்ச் போட்டதாகக் கம்ப்யூட்டரிடம் சொல்லி எண்ணைப் பூஜ்யத்தில் வைக்கவும் முடியும். கிளட்ச் மாற்ற பின் பம்பர், எக்ஸாஸ்ட் எல்லாம் கழற்றி கியர்பாக்ஸை இறக்க வேண்டும்; கூலியே பெரிய தொகை. ஓசூரிலேயே கிளட்ச் செய்கிறார்கள், ஆனாலும் இந்த வண்டிக்கு வேண்டியது கடல் கடந்துதான் வர வேண்டும். அவ்வளவு பெரிய வேலை பில் இல்லாமல் நடக்காது. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் பில்லைக் கேளுங்கள்.

நெரிசலில்தான் ஓட்டப்போகிறேன், தள்ள ஆள் இல்லை என்பவர்கள் 2014இல் கல்லார்டோவுக்கு அடுத்து வந்த ஹுராகானைப் பாருங்கள். அதில் இரட்டைக் கிளட்ச், அதுவும் எண்ணெயில் குளித்தபடி வேலை செய்வது. சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போகும். கல்லார்டோதான் வேண்டும் என்றால், கிளட்ச் பெடலோடு வந்த மேனுவல் வண்டி கிடைக்கிறதா என்று தேடுங்கள். குறைந்தபட்சம் ஹாஃப் கிளட்சில் இருப்பது உங்கள் காலுக்குத் தெரியும். இ-கியரே அமைந்தால், தேய்மான எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்து, பில்லும் இல்லையென்றால், புதுக் கிளட்சின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.