யாரிடம் கேட்டனர் நற்சான்று?

தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர், குறத்தி சிங்கியைக் குற்றால மலைவளம் பாடவைத்தார். தேனினும் இனிய தமிழ்! பாட்டிலே சிங்கிக்கு அணிகலன் கிடைத்தது; நாட்டிலே நாயக்க மன்னன் ஈந்த நிலமோ கவிராயருக்கு!

சிங்கியே எழுதியிருந்தால் நம்பியிருப்பரோ?

அமெரிக்காவைக் காண்போம். 1761-இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்து பாஸ்டனில் விற்கப்பட்ட சிறுமி, பிலிஸ் வீட்லி. 1770-இல் மதபோதகர் ஒருவரின் மறைவுக்கு இரங்கற்பா பாடிப் புகழ்பெற்றார். பக்திப்பாட்டுத்தானே என்று நாமும் ஒதுக்கவே இருந்தோம். நடையும் இரவல்தான், போப் என்னும் ஆங்கிலக் கவிஞரின் சாயல். எனினும் பிடித்த எழுதுகோல் அடிமையுடையதன்றோ!

1773-இல் இலண்டனில் நூல் வெளிவந்தது. அந்த அடிமைப் பெண்ணே எழுதினாள் என்று பாஸ்டன் பெருமக்கள் 18 பேர் ஒப்பமிட்ட சான்று முகப்பிலே! அவர்களுள் ஒருவன் எசமானன்.

சிங்கியின் வாய்மொழியாய்ப் பாடிய கவிராயரிடம் சான்று கேட்டார் உண்டோ, தோழர்களே?