பூசாத சுவரின் அழகு

திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் ஒரு பாறைச் சரிவின் மேல் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தமக்கென்று கட்டிக்கொண்ட வீட்டுக்கு ‘தி ஹாம்லெட்’ என்று பெயர். 1970 வாக்கில் சிறியதாகத் தொடங்கிய வீடு. 2007 ஏப்ரல் 1 அன்று அவர் காலமாகும்வரை வாழ்ந்தது அங்கேதான். தேவைக்கு ஏற்ப, பொருள் கிடைக்கக் கிடைக்க, அந்த வீடு வளர்ந்துகொண்டே வந்தது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு, கொத்தனாரையும் பெயிண்டரையும் விரட்டி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடித்துவிடத் துடிப்பது நம் வழக்கம். அதற்கு நேர்மாறான அந்த நிதானம்தான் என்னைப் பெரிதும் ஈர்க்கிறது.

பேக்கர் சரிவை வெட்டிச் சமப்படுத்தவில்லை. பாறையை ஒட்டியே சுவர் எழும்பியது. நிலம் ஏறிய இடத்தில் வீடும் ஏறியது. பழைய கட்டடங்களை இடிக்கும்போது கிடைத்த மரம் இங்கே புது வேலைக்கு வந்தது. உடைந்த ஓடும் கண்ணாடித் துண்டும் பீங்கான் சில்லும் சுவரில் பதிந்து சித்திரமாயின. இவற்றை ஒரே நாளில் கடையில் போய் வாங்கிவர முடியாது. காத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

காத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. கேரளத்துக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம். எந்தப் பக்கத்துச் சாரல் உள்ளே அடிக்கும், மாலை நான்கு மணி வெயில் எந்தச் சுவரைச் சுடும், இரவுக் காற்று எந்த மூலையில் தேங்கும் என்பதையெல்லாம் வரைபடம் ஓரளவுக்குத்தான் சொல்லும். ஓர் ஆண்டு குடியிருந்து பார்த்தால் முழுதாகத் தெரியும். அதற்குப் பிறகு வைக்கும் தாழ்வாரமும் நீட்டும் இறவாரமும் அளவாக அமையும்.

பேக்கர் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் எலிப்பொறிக் கட்டு என்ற செங்கல் அடுக்கு முறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவோம். இதில் கல்லை விளிம்பில் நிமிர்த்தி வைக்கிறார்கள். உள்முகத்தில் ஒன்று, வெளிமுகத்தில் ஒன்று, நடுவில் மூன்று அங்குல இடைவெளி. அடுத்த கல் குறுக்கே நின்று இரண்டையும் பிணைக்கும். ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் செங்கல் சுமார் கால் பங்கு குறையும். நடுவில் அடைபட்ட காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அகலமான ஒரு முகம், ஒடுங்கிய ஒரு முகம் என்று மாறிமாறி வரும். அந்தத் தாளம் கண்ணுக்குச் சலிப்பதே இல்லை.

இந்தக் கட்டில் கொத்தனாரின் கை அப்படியே தெரிந்துவிடும். கலவையை அள்ளிக் கொட்டினால் நடுப் பள்ளத்தில் விழுந்து வீணாகும்; கரணையால் விளிம்பு விளிம்பாக வைக்க வேண்டும். மேலே பூச்சு வரப்போகிறது என்று தெரிந்தால், தூக்குக்குண்டை ஒருமுறை குறைவாகப் போட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. பூசாத சுவரில் அது நடக்காது. ஒவ்வொரு இணைப்பும் கடைசிவரை வெளியில் நிற்கும். சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்த வழவழப்பில், வேலை செய்தவரின் கையை நாம் மறைத்துவிடுகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பேக்கரின் கட்டடங்களில் வரும் ஜாலிச் சுவர் அதே செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியது, அவ்வளவுதான். மரச் சட்டம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம், கம்பி வேண்டாம். சுவரின் கனம் சாய்ந்து வரும் சாரலில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வெளிச்சம் கண் கூசாமல் சிறுசிறு கட்டங்களாகத் தரையில் விழும். கொசு வரும், ஒட்டடை சேரும் என்பதும் உண்மை. படுக்கையறைக்கு வலை அடித்துத்தான் ஆக வேண்டும். பேக்கர் காட்டிய ஜன்னல்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒற்றைப் பலகை ஜன்னல்: செங்குத்தான ஒரு பலகை, மேலும் கீழும் ஒவ்வொரு முளை, அவை சுழல இரண்டு குழிகள். நிலையும் கீலும் இல்லாமலே திறந்து மூடும். கான்கிரீட் தளத்தில், கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓடுகளை வைத்து வார்க்கும் முறையும் அவர் பரப்பியதே. தளத்தின் அடிப்பகுதிக் கான்கிரீட் பாரம் தாங்குவதில் அதிகம் உதவுவதில்லை. அந்த இடத்தை மலிவான ஓடு நிரப்பினால் செலவும் எடையும் குறையும். இதை மட்டும் பொறியாளர் துணையில்லாமல் செய்யக் கூடாது.

1917இல் பர்மிங்ஹாமில் பிறந்தவருக்கு வெப்ப நாட்டு வீட்டைப் பற்றிக் கற்றுக்கொடுத்தவர்கள் இங்குள்ள கைவினைஞர்கள். அதற்கும் முன்பு, இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் வாழ்ந்த ஆண்டுகளில் மலைவாசிகளின் கல்வீடுகளைக் கூர்ந்து பார்த்துப் பழகியிருந்தார். அடிக்கடி வேலையிடத்தில் நின்றே வரைந்து, கொத்தனார்களோடு பேசிப்பேசிக் கட்டினார்.

திருவனந்தபுரம் போகிறவர்கள் ரயில் நிலையத்துக்கு அருகே தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸைப் பார்க்கலாம். வளைந்து வளைந்து ஏறும் சரிவுப் பாதையின் ஓரமாகவே மேசைகள், சுவரெங்கும் ஜாலி. மின்விசிறியை மறந்து உட்கார முடிகிறதா என்று நீங்களே பாருங்கள்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூரையும் கதவும் கழிப்பறையும் முடிந்ததும் குடிபோய்விடுங்கள். வெளிப்பூச்சு வேண்டுமா என்பதை ஒரு மழைக்காலம் கழித்து முடிவுசெய்யுங்கள். நன்றாக வெந்த, ஒரே அளவான செங்கல்லாகப் பார்த்து வாங்குங்கள். சுவரைப் பூசாமல் விடும் எண்ணம் இருப்பதை, முதல் வரிசைக் கல் வைப்பதற்கு முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.