வழிநூலா, படியா? திறன்பேசி மறுகலவை குறித்து ஒரு திறனாய்வு நோக்கு

ஒருவர் பாடிய பாடலை எடுத்து, அதன் குரலையோ தாளத்தையோ பின்னணி இசையையோ மாற்றியமைத்துப் புதியதோர் ஒலிப்பதிவாக வெளியிடுவதை 'ரீமிக்ஸ்' என்று வழங்குகிறோம். தமிழில் மறுகலவை, மீள்கலவை எனும் சொற்கள் வழக்கில் உள்ளன. இக்கட்டுரை மறுகலவை என்பதனையே ஆள்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இது ஒலிப்பதிவுக் கூடத்தையும் அதற்குரிய பொருட்செலவையும் வேண்டி நின்ற தொழில். இன்று, விடியுமுன் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படும் இளைஞர் ஒருவர் பேருந்தில் அமர்ந்தவாறே தம் திறன்பேசியில் இதனைச் செய்து முடித்து, குடிநுழைவுச் சோதனை வரிசையில் நிற்கும்போதே புலனத்தில் நண்பர்களுக்கு அனுப்பிவிட இயலும். அவர் பயன்படுத்தும் செயலியும் பாலத்துக்கு அப்பால் பிறந்ததாகவே இருக்கக்கூடும். பேண்ட்லேப் எனும் இசைச் செயலி 2015ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது.

இம்மாற்றம் குறித்து நம்மிடையே இருவகைப் பேச்சே கேட்கிறது. பிறர் பாடலைத் திருடிச் சிதைக்கும் செயல் இது என்பது ஒன்று. இளையோரின் படைப்பாற்றல் பெருகுகிறது என்பது மற்றொன்று. இரண்டுமே பாடலைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடக்கூடிய தீர்ப்புகள் என்பதுதான் இவற்றின் குறை. ஒரு மறுகலவை நன்று, மற்றொன்று நன்றன்று என்று காரணங்காட்டி உரைப்பதற்கான அளவுகோல் நம்மிடம் உண்டா என்பதே இங்கு எழும் வினா. உண்டு என்பது என் கருத்து. அதற்காக மேலைநாட்டுப் பண்பாட்டியல் நூல்களை முதலில் நாட வேண்டியதில்லை.

நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துவார். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துச் சென்று, பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டைக் கூறி, மரபு அழியாமல் வருவது வழிநூல். முன்னிரண்டனோடும் ஒருபுடை ஒத்து, ஏனையவற்றில் வேறுபட்டு நிற்பது சார்புநூல். முன்னோர் பொருளை மட்டுமன்றி அவர்தம் சொல்லையும் எடுத்தாளுதல் தகும் என்பதையும் நன்னூல் ஏற்கிறது. தொல்காப்பிய மரபியலோ தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலை நான்காகப் பகுக்கும். எடுத்தாளுதல் குற்றமா என்னும் வினா இம்மரபில் எழவே இல்லை. எடுத்தாண்டவன் வேண்டிய வேறுபாடு யாது, அது ஏன் வேண்டப்பட்டது என்பவையே வினாக்கள். ஏட்டைப் பார்த்து எழுதிய படியை எவரும் வழிநூல் என்பதில்லை என்பதையும் இதனோடு சேர்த்துக் கொள்ளலாம்.

இசையிலும் இம்மரபு புதிதன்று. முத்துசாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கும்பினியாரின் இசைக்குழு வாசித்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நொட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப் பெயர் பெற்றன. ஆங்கில அரசரை வாழ்த்தும் பாடலின் மெட்டில் அம்பிகையைப் பாடிய பாடலும் அவற்றுள் ஒன்று. எனினும் மறுகலவையின் ஆற்றலை முழுமையாக உணர்த்தும் சான்று பாரதியாரிடமே கிடைக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில், தில்லைத் திருநாளைக் காண விழையும் நந்தனை நிலவுடைமையாளரான வேதியர் இழிவுபடுத்திப் பாடும் பாட்டு ஒன்றுண்டு. அம்மெட்டை அப்படியே எடுத்து, சுயராச்சியம் கேட்கும் இந்தியனை நோக்கி ஆங்கிலேய அதிகாரி ஏளனமாகப் பாடுவதாகப் பாரதியார் அமைத்தார். மூலப்பாட்டை அறிந்தவர்க்கு இப்பாட்டு இருமுனையுள்ள வாளாகும். ஆங்கிலேயன் நம்மை நடத்தும் முறையும், நாம் நந்தனை நடத்திய முறையும் ஒரே மெட்டுக்குள் எதிரெதிரே நிற்கின்றன. இதனைப் பாரதியார் ஒரு சொல்லாலும் விளக்கவில்லை. மெட்டே அவ்வேலையைச் செய்துவிடுகிறது. மூலத்தின் நினைவு புதிய படைப்பின் பொருளில் ஓர் உறுப்பாக ஆகிறதா என்பதையே மறுகலவைக்குரிய முதல் அளவுகோலாகக் கொள்ளலாம் எனத் துணிகிறேன்.

இவ்வளவுகோலோடு நம் நாட்டு இசைக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதில் இடம்பெற்ற 'மடை திறந்து' மலேசியத் தமிழ் இசையைத் தமிழ்நாட்டு இளைஞரும் செவிமடுக்கச் செய்தது. மூலப்பாடல் 1980ஆம் ஆண்டு பாரதிராசா இயக்கிய 'நிழல்கள்' திரைப்படத்தில் இளையராசா இசையில், வாலியின் வரிகளில், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியது. இசையமைப்பாளனாக உயர விரும்பும் ஏழை இளைஞன் ஒருவன் தன் காலம் வந்துவிட்டதாகக் கனவு காணும் சூழலில் அமைந்த பாட்டு அது. படத்தில் அக்கனவு நிறைவேறுவதில்லை. மலேசியக் கலைஞர் மூவர், ஆயிரக்கணக்கான திரைப்பாடல்களுள் இதனைத் தேர்ந்தமைதான் இங்குக் கருதத்தக்கது. தமிழகத் திரையிசையின் நிழலிலேயே நெடுங்காலம் இருந்த ஒரு நாட்டின் கலைஞர்கள், அத்திரையிசை மாமேதையின் பாட்டிலேயே, இசைஞன் ஒருவன் தன் வருகையை அறிவிக்கும் பாட்டிலேயே, தங்கள் வருகையை அறிவித்தனர். ஏட்டுத் தமிழும் தெருத் தமிழும் எதுகையால் இணைந்து விரையும் அவர்களது சொல்லிசை மூலத்தின் கனவுக்கு விடையளிக்கிறது. இதனை வழிநூல் என்று கூறத் தயங்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் தமிழகத் திரைப்படங்களில் எழுந்த மறுகலவை அலையைப் பற்றி இவ்வாறு கூற இயலவில்லை. 'சொர்க்கம்' (1970) படத்துப் 'பொன்மகள் வந்தாள்' 'அழகிய தமிழ்மகன்' (2007) படத்திலும், 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்து 'எங்கேயும் எப்போதும்' யோகி பியின் குரலும் சேரப் 'பொல்லாதவன்' (2007) படத்திலும் மறுவடிவம் பெற்றன. இவை தொழில்நுட்பத்தால் குறைந்தவை அல்ல. ஆயினும் மூலம் இங்குப் பழைமையின் இனிமையை நினைவூட்டும் அளவில் நின்றுவிடுகிறது; புதிய தாளம் பழைய சொற்களோடு உரையாடுவதில்லை. பில்லாவைப் பற்றிய பாடல் மட்டும் ஒரு விலக்கு. 2007ஆம் ஆண்டுப் படமே 1980ஆம் ஆண்டுப் படத்தின் மறுவடிவம் ஆதலின் அங்குப் பாட்டின் மீள்வரவுக்குக் காரணம் உண்டு.

இனித் திறன்பேசி. 2011இல் ஆப்பிள் நிறுவனத்தின் கராஜ்பேண்ட் செயலி கைக்கருவிக்கு வந்தபோதே ஒலிப்பதிவுக் கூடம் சட்டைப்பைக்குள் புகுந்துவிட்டது எனலாம். எனினும் பெருந்திருப்பம் 2019இல் நேர்ந்தது. அவ்வாண்டு டீசர் எனும் பிரெஞ்சு நிறுவனம் 'ஸ்ப்ளீட்டர்' எனும் மென்பொருளைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. முடிந்த ஒரு பாடலைக் கொடுத்தால் குரல் வேறு, முழவு வேறு, பிற கருவிகள் வேறு எனப் பிரித்துத் தரும் பொறி அது. இன்று இவ்வசதி சாதாரணக் கைப்பேசிச் செயலிகளிலும் உள்ளது. முன்பெல்லாம் மூலப்பாடலில் இசைக்கருவி ஓய்ந்து குரல் தனித்து நிற்கும் இடத்தைத் தேடிக் கண்டு வெட்டி எடுக்க வேண்டும். அந்தத் தேடலே மறுகலவைஞரைப் பாடலை நூறு முறை கேட்கச் செய்தது. இப்போது கேட்காமலே பிரிக்கலாம். ஒரு பழம்பாடலின் வேகத்தைக் குறைத்து, எதிரொலி கூட்டி, மழையின் ஓசையைச் சேர்த்து வெளியிடும் பதிவுகள் இன்று எண்ணிலடங்கா. இவை ஏட்டின் படிகளே; படியெடுத்தோன் மை சற்று மங்கலாக இருப்பது ஒன்றே வேறுபாடு.

செயலியின் அமைப்பிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. அதனைத் தமிழாசிரியர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். பெரும்பாலான செயலிகள் திறந்தவுடன் நான்கெண்ணிக்கைத் தாளக் கட்டம் ஒன்றை முன்வைக்கின்றன. பதிவான குரலை அக்கட்டத்துக்குள் இழுத்துப் பொருத்தும் வசதியும் அவற்றில் உண்டு. நம் நாட்டுப்புறப் பாடல்களிலும் காவடிச் சிந்திலும் திச்ர நடை மிகுதி. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் இழுப்பே உயிர். பாடுவோரின் மூச்சே அங்குத் தாளம். கட்டத்தை மாற்றிக்கொள்ள வழி உண்டெனினும் மாற்ற வேண்டும் என்று அறிந்தவரே மாற்றுவர். யாப்பு அறியாதவன் வெண்பாவை ஆசிரியப்பா என எண்ணி வரி பிரித்தாற்போன்ற விபத்து இங்கு நாள்தோறும் நிகழ்கிறது.

குரல் தனியே பிரிந்து வருவதால் எழும் அறவினா இதனினும் கடுமையானது. 2024ஆம் ஆண்டு 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரகுமான், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டுருவாக்கினார். குடும்பத்தாரின் இசைவு பெற்று உரிய ஊதியமும் வழங்கப்பட்டதாக அறிவித்தார். அதே ஆண்டில், 2020இல் மறைந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை இசைவின்றி உருவாக்கிப் பயன்படுத்தியதாகத் தெலுங்குப் படமொன்றின் குழுவினருக்கு அவர்தம் மகன் சட்ட அறிவிக்கை விடுத்தார். பாடலை எடுத்தாள்வதும் குரலை எடுத்தாள்வதும் ஒன்றல்ல என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன. நன்னூலார் முன்னோர் சொல்லை எடுத்தாள இடந்தந்தார். முன்னோர் சொல்லாத சொல்லை அவர் வாயில் இட்டு வழங்க அவர் இடந்தந்ததாக எவ்வுரையாசிரியரும் பொருள் கொள்ளார்.

சட்டத்தின் நிலை தனி ஆய்வுக்குரியது. ஒன்றை மட்டும் சுட்டலாம். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் (1987) தன் 13ஆம் பிரிவில் நையாண்டி, பாணிப்போலி, கேலிச்சித்திரிப்பு ஆகியவற்றுக்கு வெளிப்படையாகவே விலக்களிக்கிறது. 1957ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தில் இவ்வாறு பெயர் சுட்டிய விலக்கு இல்லை. 2024இல் 'கூலி' படத்தின் முன்னோட்டத்தில் 'தங்கமகன்' (1983) படத்து இசை மறுவடிவில் வந்ததற்கு இளையராசா அறிவிக்கை விடுத்த செய்தியைப் படித்துவிட்டு நம் மாணவர் அஞ்சுகின்றனர். தம் நாட்டுச் சட்டம் எங்கு இடந்தருகிறது, எங்குத் தரவில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை.

ஜொகூரில் நான் கேட்ட திறன்பேசி மறுகலவைகளுள் பெரும்பகுதி உறுமி மேளத்தைச் சுற்றியே அமைந்தவை. தைப்பூசத்துக்கு மாநில விடுமுறை வழங்கும் ஜொகூரில் உறுமி மேளக் குழுக்களுக்குக் குறைவில்லை. காவடி ஊர்வலத்தில் பதிவு செய்த உறுமியின் உறுமலைத் துண்டாக்கித் திரைப்பாடலின் அடியில் ஓடவிடுகின்றனர். திரை மெட்டில் பக்திப் பாடல் பாடுவதை ஆலயத்தார் கடிந்துரைப்பதும், அதனையே திருப்பித் திரைப்பாட்டுக்குப் பக்தி மேளம் இசைப்பதும் ஒருசேர நிகழும் இச்சூழல் ஆய்வாளர் எவரையும் ஈர்க்கவில்லை என்பது வியப்பே. இதில் எனக்கொரு மனக்குறையும் உண்டு. சாப்பின் இசையும் ஆடலும் செழித்த மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு, அத்தாளத்தோடு உறுமியை உறவாடவிட்ட ஒரு பதிவையேனும் நான் இதுகாறும் கேட்டதில்லை.

நாட்டுப்புற இயல் பாடத்தின் பொருட்டு, குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த மாணவி ஒருவர் அளித்த ஒலிப்படைப்பு இங்குக் குறிப்பிடத்தக்கது. பால்மரம் வெட்டிய காலத்தில் பாடிய பாட்டைத் தம் பாட்டியைப் பாடச் செய்து, திறன்பேசியில் பதிந்து, அதன்கீழ் உறுமியைச் சேர்த்திருந்தார். பிரட்டுக்கு அழைக்கும் விடியலும், கங்காணியின் அதட்டலும், மங்கில் சொட்டும் பாலும் அப்பாட்டில் வருகின்றன. முற்பகுதியில் பாட்டியின் ஒவ்வோர் அடியும் தாளக் கட்டத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டிருந்தது. அடிக்கடி மூச்சு வாங்கிப் பாடும் முதியவரின் மூச்சு அங்குக் காணாமற் போய்விட்டது. கேட்பதற்கு விறுவிறுப்பு உண்டு. பாடுபவர் மட்டும் இல்லை. நடுவே ஓரிடத்தில், கங்காணியைப் பற்றிய அடியில், பாட்டி சிரித்துவிடுகிறார். அச்சிரிப்பு எக்கட்டத்துக்கும் அடங்காதது. மாணவி அங்கு உறுமியை நிறுத்திவிட்டு அதனை வெட்டாமலே விட்டார். அதன்பின் உறுமி மீளும்போது அது பாட்டியின் நடைக்கே இசைந்து சற்றுத் தளர்ந்து வருகிறது. கட்டத்தை அணைத்துவிட்டுக் கையாலேயே தட்டியதாக வகுப்பில் விளக்கினார். படியிலிருந்து வழிநூலுக்கு அப்படைப்பு கடந்து செல்லும் இடம் அதுவே. இறுதியில் வயலின் இசையைக் கொண்டுவந்து உருக்கம் ஊட்ட முயன்றது தேவையற்றது. சிரிப்புக்குப் பின் அவ்வயலினுக்கு வேலை இல்லை.

இரா. தண்டாயுதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் இந்நாட்டு நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். ஏட்டில் வரிகள் எஞ்சின. மெட்டும் குரலும் எஞ்சவில்லை. இன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி உண்டு. துறை நூலகங்களிலோ இப்பதிவுகளுக்கென ஒரு பேழையும் இல்லை. மேற்கூறிய மாணவியிடம் ஈராண்டு கழித்து மூலப் பதிவைக் கேட்டேன். பாட்டி பதினொரு நிமிடம் பாடியதாகவும், கைப்பேசியை மாற்றியபோது அப்பதிவு அழிந்துபோனதாகவும் கூறினார். பாட்டியும் அதற்குள் காலமாகிவிட்டார். எஞ்சியிருப்பது 2 நிமிடம் 40 நொடி ஓடும் மறுகலவை ஒன்றே. அதில் பாட்டியின் குரல் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.