வருஷம் முழுக்க அறுவடை: கஞ்சா அறையும் கரண்டு பில்லும்

மைக்கேல் பாலனின் 'தி பாட்டனி ஆஃப் டிசையர்' புத்தகத்தைப் போன மாதம் மறுபடி படித்தேன். 2001-ல் வந்தது. ஆப்பிள், டியூலிப், கஞ்சா, உருளைக்கிழங்கு என்று நாலு செடி, நாலு அத்தியாயம். மனுஷன் செடியை வளர்க்கிறான் என்று நினைச்சுக்கிட்டு இருக்கோம், உண்மையில் செடிதான் நம்ம ஆசையைப் பிடித்துக்கொண்டு நம்மை வேலை வாங்குகிறது என்பது அவர் வாதம். முதல் தடவை படித்தபோது கஞ்சா அத்தியாயம்தான் ரொம்பப் பிடித்தது. இந்தத் தடவை அதுதான் உறுத்தியது. ஏன் உறுத்தியது என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலிலேயே சொல்லிடறேன், இது வளர்ப்புக் குறிப்பு இல்லை. நம்ம நாட்டில் 1985 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வளர்ப்பது குற்றம். அதைவிட, எனக்குச் செடி மேல் இருக்கும் ஆர்வம் குறைவு, அந்தச் செடியைச் சுற்றிக் கட்டப்பட்ட அறையின் மேல்தான் ஆர்வம் அதிகம்.

அமெரிக்காவிலும் ஹாலந்திலும் இந்த அறைக்கு ஒரு லட்சியம் உண்டு. ஆங்கிலத்தில் முடிவில்லாத அறுவடை என்கிற மாதிரி ஒரு பேர் வைத்திருக்காங்க. வயலில் வருஷத்துக்கு ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் மட்டும் பூக்கிற செடியை ஜன்னல் இல்லாத அறைக்குள் கொண்டுவந்து, சில வாரத்துக்கு ஒரு தடவை அறுப்பது. ஒரு தொகுதி நாற்றாக இருக்கும்போதே இன்னொன்று வளர்ந்துகொண்டிருக்கும், மூன்றாவது பூத்துக்கொண்டிருக்கும். வரிசை நிற்கவே நிற்காது.

இது எப்படிச் சாத்தியம் என்கிற கதை அழகானது. கஞ்சா குறும்பகல் தாவரம். இரவு நீள்கிறது என்று தெரிந்தால்தான் பூக்கும். இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஜூலியன் துர்னுவா என்ற பிரெஞ்சுக்காரர். 1912 வாக்கில் ஹாப்ஸ் செடியையும் (பீருக்குக் கசப்பு தருவது, கஞ்சாவுக்கு ஒண்ணுவிட்ட உறவு) சணல்வகைக் கஞ்சாவையும் வைத்துச் சோதனை செய்தார். தினம் சில மணி நேரம் மட்டும் வெளிச்சம் காட்டினால் அவை சீக்கிரமே பூத்துவிடுகின்றன என்று கண்டார். முதல் உலகப்போரில் இறந்துபோனார், வேலை பாதியில் நின்றது. பிறகு 1920-ல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், ஆல்லார்ட் இருவரும் புகையிலையை வைத்து அதே விஷயத்தை நிறுவி, ஒளிக்காலத்துவம் என்று பேரும் வைத்தார்கள். பாடப்புத்தகங்களில் அவர்கள் பேர்தான் முன்னால் நிற்கும். ஆனால் அந்தக் கதவைத் தட்டிய முதல் செடிகளில் கஞ்சாவும் ஒன்று.

இதே தத்துவம் நமக்கும் புதுசு இல்லை. ஓசூர்ப் பக்கம் ராத்திரியில் போனால் சாமந்தித் தோட்டத்தில் வரிசையாகப் பல்பு எரிவதைப் பார்க்கலாம். சாமந்தியும் குறும்பகல் செடிதான். இரவு இன்னும் நீளவில்லை என்று அதை நம்ப வைத்து, செடி உயரமாக வளரும்வரை பூக்க விடாமல் தள்ளிப் போடுகிறார்கள். ஆனால் பகலில் அந்தச் சாமந்திக்குச் சூரியன்தான் சோறு போடுகிறது. பல்பு ஒரு பொய் மட்டும் சொல்கிறது, அவ்வளவுதான். கஞ்சா அறையில் பல்புதான் பொய்யும் சொல்ல வேண்டும், சோறும் போட வேண்டும். கணக்கு தலைகீழாக மாறும் இடம் இது.

அந்த அறையின் மையத்தில் தாய்ச்செடி என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து கிளைக்குச்சி வெட்டி நட்டுக்கொண்டே இருப்பார்கள். தாய்ச்செடிக்கு இலையுதிர் காலம் வரவே கூடாது. வருஷக்கணக்கில் நடுக்கோடையிலேயே நிறுத்தி வைத்திருப்பார்கள். 'வளர்ப்பாளர்களின் வேதம்' என்று பேர் வாங்கிய ஜோர்ஜ் செர்வாண்டஸின் கையேடு (முதல் பதிப்பு 1983) தொடங்கி இந்த வகைப் புத்தகங்கள் எல்லாமே இதை ஒரு தோட்டக்கலைச் சாதனையாகத்தான் சொல்கின்றன. பாலனும் அதே ராகம்தான். தன் தலைமுறையின் மிகச் சிறந்த தோட்டக்காரர்கள் இவர்கள் என்கிறார். ஆம்ஸ்டர்டாம் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறார்.

என் சண்டை இங்கேதான். அந்த அறையைக் கட்டியது போலீஸ். இதைப் பாலனே சொல்கிறார், மறைக்கவில்லை. போதைக்கு எதிரான போர்தான் செடியை வீட்டுக்குள் விரட்டியது, வீட்டுக்குள் வந்ததால்தான் அதன் வீரியமும் ஏறியது என்று தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே கௌரவத்தைத் தோட்டக்காரனுக்கும் செடியின் சாமர்த்தியத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு முடிவைத் தவறாக எழுதிய புத்தகம் என்று தோன்றுகிறது.

வரிசையாகப் பாருங்க. 1970-களின் பிற்பாதியில் அமெரிக்கப் பண உதவியோடு மெக்சிகோ வயல்களில் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தார்கள். வாங்குபவர்களுக்குப் பயம் வந்தது, உள்நாட்டுச் சரக்குக்குக் கிராக்கி ஏறியது. கலிபோர்னியாவின் வடக்கு மலைகளில் வளர்த்தார்கள். 1983-ல் அங்கே ஹெலிகாப்டர் வந்தது, கேம்ப் என்ற கூட்டு நடவடிக்கை. மேலே இருந்து பார்த்தால் தெரியும் என்றால் கூரைக்கு அடியில் போவதுதானே வழி? போனார்கள். 1989-ல் போதைத் தடுப்புத் துறை, விளக்கும் உரமும் விற்கும் தோட்டக் கடைகளைக் குறி வைத்துச் சோதனை போட்டது. கடை வாசலில் நிற்கும் வண்டி நம்பரைக்கூடக் குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம் கைலோ வழக்கு. ஓரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டுக்கு எதிரே காரில் உட்கார்ந்துகொண்டு, 1992-ல் ஒரு அதிகாலை, வெப்பப் படக் கருவியால் அந்த வீட்டைப் பார்க்கிறார்கள். கூரையும் ஒரு பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளைவிடச் சூடாகத் தெரிகின்றன. அதோடு கரண்டு பில்லையும் சேர்த்து வைத்து வாரண்ட் வாங்கி உள்ளே போனால் நூறு செடிக்கு மேல். அனுமதியில்லாமல் அப்படிப் படம் பிடித்ததே தவறு என்று 2001 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. பாலனின் புத்தகமும் அதே வருஷம்தான்.

கரண்டு பில் அந்த வழக்கில் ஒரு சாட்சி. பத்து வருஷம் கழித்து அதே பில் வேறு ஒரு விசாரணையில் சாட்சி சொல்ல வந்தது.

2012-ல் இவான் மில்ஸ் என்ற எரிசக்தி ஆய்வாளர் 'எனர்ஜி பாலிசி' இதழில் எழுதிய கட்டுரையைச் சொல்கிறேன். வீட்டுக்குள் கஞ்சா வளர்க்க அமெரிக்காவின் மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் செலவாகிறது, வருஷத்துக்கு 600 கோடி டாலர் என்று கணக்குப் போட்டார். ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு 4,600 கிலோ கார்பன் டையாக்சைடு. அறையின் வெளிச்சம் ஆபரேஷன் தியேட்டர் வெளிச்சத்துக்குச் சமம். காற்று மணிக்கு முப்பது தடவை மாற்றப்படுகிறது.

இந்த 1 சதவீதத்தை அப்புறம் எல்லாரும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். அதிலும் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. ஒரு அறைக்கு எவ்வளவு என்பது பொறியியல் கணக்கு, அதை ஓரளவு நம்பலாம். நாடு முழுக்க எவ்வளவு என்பதற்கு மொத்த உற்பத்தி தெரிந்தாகணும். திருட்டுத்தனமாக நடக்கிற தொழிலின் மொத்த உற்பத்தியை யார் எண்ணினார்கள்? அது மதிப்பீட்டின் மேல் ஏற்றிய மதிப்பீடு. கிலோவுக்கு எவ்வளவு என்ற எண்தான் காலத்துக்கும் நிற்கும். அதுவும் நின்றது. 2021-ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி'யில், ஊரைப் பொறுத்து கிலோவுக்கு 2,283 முதல் 5,184 கிலோ வரை என்று காட்டினார்கள். அவர்கள் சொன்னதில் முக்கியமானது இன்னொன்று. விளக்கு ஒரு பெரிய செலவுதான், ஆனால் அறையைக் குளிரவைத்து, சூடாக்கி, ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற செலவு அதையும் மிஞ்சுகிறது. வெளியே பனி பெய்யும் ஊரில் உள்ளே ஒரு நிரந்தர ஜூன் மாதத்தை வைத்திருப்பதற்கான வாடகை அது.

சரி, திருட்டுத்தனமாக நடந்த காலத்தில் அறை தேவைப்பட்டது. சட்டம் விட்டுக்கொடுத்த பிறகு? கொலராடோவில் 2014 ஜனவரி 1 முதல் கடையில் வாங்கலாம். அப்போதாவது செடி வெயிலுக்கு வந்ததா? பெரிய அளவில் வரவில்லை. டென்வர் நகரில் பழைய கிடங்குகள்தான் நிரம்பின. காரணம் மறுபடியும் சட்டம். மத்திய அரசின் சட்டப்படி அது இன்னும் தடைப்பட்ட சரக்கு, மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வேண்டியதைத் தானே வளர்த்துக்கொள்ளணும், இல்லினாய், மாசசூசெட்ஸ் குளிரிலும்கூட. தக்காளியாக இருந்தால் கலிபோர்னியாவிலிருந்து லாரியில் வந்திருக்கும். ஹாலந்து நிலைமை இன்னும் விசித்திரம். 1976 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு காபிக்கடையில் சில்லறையாக விற்பதைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் கடைக்குச் சரக்கு வருவது குற்றம். முன்வாசல் திறந்திருக்கும், பின்வாசல் பூட்டியிருக்கும். அதனால் மச்சு அறைகளில் வளர்த்தார்கள், மீட்டருக்கு முன்னாலேயே கம்பியைத் தட்டிக் கரண்டு திருடினார்கள். பின்வாசலை முறையாகத் திறந்து பார்க்கும் சோதனை 2023 டிசம்பரில்தான் பிரேடா, டில்பர்க் நகரங்களில் தொடங்கியது.

வளர்ப்பவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மூடிய அறையில் தரத்தைக் கட்டுப்படுத்தலாம், பூச்சிமருந்தைக் குறைக்கலாம், மருந்துக்கு வாங்குபவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கொடுக்கலாம் என்கிறார்கள். வெளியில் வளர்ப்பதும் புனிதம் ஒன்றும் இல்லை. வட கலிபோர்னியாவில் ஓடைத் தண்ணீரை மறித்ததும், காட்டுக்குள் எலி விஷம் வைத்து வேறு விலங்குகள் செத்ததும் நடந்த கதைதான். ஆனால் அறைக்கும் காட்டுக்கும் நடுவில் கண்ணாடிக்கூடாரம் என்று ஒன்று இருக்கிறதே! சூரியன் சோறு போடும், மாலையில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டால் இரவு நீளும். ஓசூர் சாமந்திக் கணக்கைத் திருப்பிப் போட்டது மாதிரி. அதிலும் வருஷம் முழுக்க அறுக்கலாம். வசதி இருந்தும் அறை பல இடத்தில் நிலைத்ததற்கு, 'உள்ளே வளர்ந்தது' என்றால் கூடுதல் விலை என்று சந்தை பழகிவிட்டதும் ஒரு காரணம். ஒளிந்து வாழ்ந்த காலத்தின் கட்டாயம், வெளியே வந்த பிறகு தர முத்திரையாகிவிட்டது.

கையேடுகள் அடக்கி வாசிக்கிற இன்னொரு விஷயம், இடைவெளி. நம்ம விவசாயி நிலத்தைத் தரிசு போடுவது மண்ணுக்காக மட்டும் இல்லை, பூச்சிக்கும் நோய்க்கும் பட்டினி போடவும்தான். வரிசை நிற்காத அறையில் பட்டினியே கிடையாது. சிலந்திப்பேன் ஒரு தொகுதியிலிருந்து அடுத்ததுக்கு நடந்து போகும், அதுக்கு எப்போதும் பந்தி. இதைவிட மோசமானது 2019-ல் கஞ்சாவில் உறுதி செய்யப்பட்ட ஹாப்ஸ் வைராய்டு. தாய்ச்செடியில் ஒன்றும் தெரியாமலேயே இருக்கலாம். வெட்டிய ஒவ்வொரு குச்சியோடும் போகும், வெட்டும் கத்தியோடும் போகும். வளர்ந்த பிறகு பார்த்தால் செடி சோப்ளாங்கியாக நிற்கும், பிசின் குறைந்திருக்கும். துர்னுவா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த ரெண்டு உறவுக்காரச் செடிகள் இப்போது நோயையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முழு அறையையும் காலி செய்து கழுவி, சுத்தமான நாற்றோடு முதலிலிருந்து தொடங்கு என்பார்கள். அதாவது, தரிசு போடு.

அப்படியானால் முடிவில்லாத அறுவடையை இத்தனை நாள் தாங்கிப் பிடித்தது எது? விலை. தடை இருந்ததால் ஏறிய விலை. இதற்குச் சோதனை வேற ஒரு செடியில் நடந்து முடிந்துவிட்டது. ஜன்னல் இல்லாத கட்டடம், அடுக்கடுக்காகச் செடி, எல்.இ.டி. விளக்கு, தினமும் அறுவடை என்று அதே மாதிரி அறையில் கீரையும் லெட்டூஸும் வளர்த்து உலகத்துக்குச் சோறு போடப்போகிறோம் என்று சில நிறுவனங்கள் கிளம்பின. தொழில்நுட்பத்தில் பெரிய குறை இல்லை. கீரை நன்றாகத்தான் வளர்ந்தது. ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் பாதுகாப்புக் கேட்டது. பவரி 2024 நவம்பரில் கடையை மூடியது. செடி அதே மாதிரி வெளிச்சம் கேட்கும், அறை அதே மாதிரி குளிர் கேட்கும், லெட்டூஸ் மட்டும் கிராம் கணக்கில் விற்காது.

பாலன் இந்த அத்தியாயத்தை இன்றைக்கு எழுதினால் செடியின் ஆசையைப் பற்றி இவ்வளவு எழுதுவாரா தெரியலை. அமெரிக்காவில் இப்போது பல மாநிலங்களில் கஞ்சாவின் மொத்த விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. பில் மட்டும் மாசாமாசம் வந்துகொண்டிருக்கிறது.