காளிகாட்டில் குறைந்தது எது?

1952-இல் கல்கத்தாவின் காளிகாட்டில், காளி கோயிலை ஒட்டியிருந்த ஒரு கட்டடத்தை மாநகராட்சி அன்னை தெரசாவிடம் ஒப்படைத்தது. நடைபாதையில் சாகக் கிடந்தவர்களை அவரும் சகோதரிகளும் அங்கே தூக்கி வந்தார்கள். புழு வைத்த புண்ணைக் கழுவினார்கள், வாயில் கஞ்சி ஊட்டினார்கள். எந்த மருத்துவமனையும் சேர்த்துக்கொள்ளாதவர்களுக்கு, நிர்மல் ஹிருதய் என்ற அந்த இல்லத்தில் படுக்கை கிடைத்தது. இதைச் சிறுமைப்படுத்திப் பேசுகிறவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆனால், படுக்கையில் கிடந்தவருக்கு எது நல்லது என்று அங்கே போதுமான அளவு யோசித்தார்களா?

1994 செப்டம்பரில், 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், அங்கே தாம் நேரில் கண்டதை எழுதினார். சுத்தத்தையும் புண்களைப் பராமரித்த விதத்தையும் கனிவையும் அவர் மனமாரப் பாராட்டினார். கூடவே இன்னொன்றையும் குறிப்பிட்டார். கடும் காய்ச்சலோடு வந்த ஓர் இளைஞருக்கு டெட்ராசைக்ளினும் பாரசிட்டமாலும் கொடுத்திருந்தார்கள். பிறகு வந்த டாக்டர் மலேரியாவாக இருக்கலாம் என்று குளோரோகுயினுக்கு மாற்றினார். ரத்தப் பரிசோதனை போன்றவற்றுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. வலுவான வலிநிவாரணியும் இல்லை. பிழைக்கக்கூடியவர் யார், பிழைக்க முடியாதவர் யார் என்று பிரித்தறிய முறையான ஏற்பாடு எதுவும் இல்லை.

'இது மருத்துவமனை அல்ல, இல்லம்' என்பது வழக்கமான பதில். மலேரியாக் கிருமிக்கு இந்த வேறுபாடு தெரியாது. வலுவான வலிநிவாரணியான மார்ஃபின் விஷயத்தில் மட்டும் நியாயமாகப் பேச வேண்டும். 1985-இன் போதைப்பொருள் சட்டம், புற்றுநோயாளிக்குக்கூட மார்ஃபின் எட்டாதபடி செய்துவிட்டது. 2014 திருத்தத்தில்தான் அது தளர்ந்தது. ஃபாக்ஸுக்கு அப்போதே மறுப்பு எழுதிய வலிதணிப்புத் துறையினரும் இந்தச் சட்டக் கெடுபிடியைச் சுட்டிக்காட்டினார்கள். ஆனாலும் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் இதே சட்டத்தோடு மல்லுக்கட்டித்தான் வலிதணிப்பு மையம் தொடங்கினார்கள். தவிர, ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதிக்க எந்தச் சட்டமும் தடையில்லை. 1979-இல் நோபல் பரிசு வந்த பிறகு உலகமே உதவக் காத்திருந்த ஓர் அமைப்புக்கு, தினமும் வந்துபோகும் ஒரு டாக்டர் கிடைக்காமலா போயிருப்பார்?

துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுப்பது கத்தோலிக்க மரபு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் என் வலியை நான் ஏற்றுக்கொண்டால் அது பக்தி. அடுத்தவர் வலியை அவருக்காக நான் ஏற்றுக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. காளிகாட்டின் குறைக்கு இறையியலின் மேல் பழி போடவும் முடியாது. நர்ஸாகவும் மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்த சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையாளர். சாகிறவர்களின் வலியைத் தீர்க்க வேண்டும் என்பதற்காகவே படித்து 1957-இல் டாக்டரானார். வலி திரும்பும் முன்பே, மணி பார்த்து மார்ஃபின் கொடுக்கும் முறையை லண்டன் செயின்ட் ஜோசப் இல்லத்தில் நடைமுறைப்படுத்தினார். அந்த இல்லத்தை நடத்தியவர்கள் கத்தோலிக்கக் கன்னியர்தான். 1967-இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் உலகத்துக்கே முன்மாதிரி ஆனது.

லூக்கா நற்செய்திக் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியன் இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை. அந்தக் காலத்து மருந்தான எண்ணெயையும் திராட்சை ரசத்தையும் காயத்தில் வார்த்தான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான், திரும்பி வந்து மீதியைத் தருவதாகச் சொன்னான். அடிபட்டவனுக்கு அடுத்து என்ன தேவை என்று ஒவ்வொரு கட்டத்திலும் யோசித்திருக்கிறான்.

காளிகாட்டில் இரக்கத்துக்குக் குறைவில்லை. அடுத்து என்ன தேவை என்ற விசாரணை குறைந்தது. அந்தக் குறையின் விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள், ஆகவே அதைச் சின்னக் குறை என்று தள்ள முடியாது. இன்று ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் காணிக்கை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: டாக்டர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார்? வலிக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?