வீட்டின் ஞாபகம் யார் பொறுப்பு?

'ஸ்டில் ஆலிஸ்' (2014) படத்தில் ஆலிஸ் முதலில் தொலைப்பது ஒரு சொல்லை. அவள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியை. வயது 50. வெளியூரில் விரிவுரை நடத்தும்போது பேச்சு பாதியில் நின்றுபோகிறது. சிரித்துச் சமாளிக்கிறாள். சில நாள் கழித்து, வழக்கமாக ஓடும் பல்கலைக்கழக வளாகத்திலேயே எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் திகைக்கிறாள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நரம்பியல் மருத்துவரிடம் போகிறாள்.

நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்ற லிசா ஜெனோவா 2007இல் வெளியிட்ட நாவலை ரிச்சர்ட் கிளாட்ஸரும் வாஷ் வெஸ்ட்மோர்லாண்டும் படமாக்கினார்கள். ஆலிஸாக நடித்த ஜூலியான் மூருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. நோய் முற்றிய பிறகான அவரது நடிப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நோய்க்குப் பெயர் தெரியாத அந்த முதல் பகுதி. இந்தப் புத்தகத்தைப் படிப்பவர்களில் பலர் நிற்கும் இடமும் அதுதான்.

மருத்துவர் ஒரு பெயரையும் முகவரியையும் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்கிறார். கேமரா பெரும்பாலும் ஆலிஸின் முகத்திலேயே நிற்கிறது. வாழ்நாள் முழுக்கத் தேர்வுகளில் வென்றவள் இந்தச் சின்னக் கேள்வியில் தடுமாறுகிறாள். அடுத்த முறை நெருக்கமான ஒருவரை அழைத்து வரச் சொல்கிறார் மருத்துவர். நள்ளிரவில் கணவன் ஜானை எழுப்பிச் சொல்கிறாள். அவனும் மருத்துவம் படித்தவன்தான். ஆனாலும் நம்ப மறுக்கிறான். தன்னைப் பொருட்படுத்தச் சொல்லி அவள் கத்த வேண்டியிருக்கிறது. பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் அவள் சொல் எடுபடுகிறது.

படத்தின் மேல் என் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. ஆலிஸ் நம்பப்படுவதற்கு அவளுக்கு அல்சைமர் இருக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் எதுவும் தெரியாத பெண்ணின் கதி என்ன?

நாவலில் ஆலிஸ் தன் மறதியை முதலில் மெனோபாஸ் என்றே நினைக்கிறாள். அது இல்லை என்று தெரிந்ததும் கதை அந்தக் கதவை மூடிவிடுகிறது. ஆனால் நாற்பதுகளில் மறதியை உணரும் பெண்களில் பெரும்பாலோர் அந்தக் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறோம். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குகிறது, தூக்கம் கெடுகிறது, தெரிந்த சொல் நாக்கு நுனியில் நிற்கிறது. 1990களில் தொடங்கி அமெரிக்கப் பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வு, இந்த மாறுகாலத்தில் புதியவற்றைக் கற்கும் வேகம் குறைவதையும், பிறகு அது மீள்வதையும் பதிவு செய்தது. தைராய்டு குறைபாடு, பி12 குறைவு, ரத்தசோகை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றில் பலவற்றை எளிய ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், சரிசெய்யவும் முடியும். ஆகவே "ஒன்றுமில்லை, வயசுதான்" என்று சொல்லி அனுப்புவது மருத்துவம் ஆகாது.

பயத்தையும் பிரமை என்று தள்ள முடியாது. அலாய்ஸ் அல்சைமர் 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் பரிசோதித்த, இந்த நோயின் முதல் நோயாளியாக அறியப்படும் அகஸ்டே டெட்டருக்கு வயது 51. அவரை அழைத்துவந்தவர் கணவர். நோய்க்கு மருத்துவரின் பெயர் நிலைத்தது. டெட்டரின் கோப்பு 1990களில்தான் மீண்டும் கிடைத்தது. இவ்வளவு இளம் வயதில் இந்நோய் வருவது அரிது. அரிது என்பதற்காகப் பரிசோதிக்காமல் விட முடியாது.

ஆலிஸின் மறதி மேடையில் நிகழ்ந்ததால் அது உடனே மறதியாகத் தெரிந்தது. நம் வீடுகளில் அது வேறு பெயரில் வருகிறது. சிலிண்டர் பதிவு செய்த நாள், மாமியாரின் பிரஷர் மாத்திரை, பள்ளிக் கட்டணத்தின் கடைசித் தேதி, நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, யாருக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்ற கணக்கு: ஒரு குடும்பத்தின் மொத்த ஞாபகமும் ஒருத்தியின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. அதில் ஒன்று தவறினால், "உன் புத்தி எங்க மேயுது?" அவளே பயந்து டாக்டரிடம் போக வேண்டும் என்றால், "எல்லாருக்கும்தான் மறக்குது." வீட்டுக்காக மறந்தால் குற்றம். தனக்காகக் கவலைப்பட்டால் மிகை.

படத்திலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. கிறிஸ்துமஸ் விருந்தன்று வழக்கமாகச் செய்யும் புட்டிங்கின் செய்முறை ஆலிஸுக்கு மறந்துபோகிறது. மகனின் தோழியிடம் தன்னை இரண்டாம் முறை அறிமுகம் செய்துகொள்கிறாள். பேராசிரியையாக இருந்தும் அந்த விருந்து அவள் பொறுப்புதான். கடைசியில் ஜான் மினசோட்டாவில் கிடைத்த வேலைக்குப் போகிறான். கலிஃபோர்னியாவில் நாடக நடிகையாக முயன்றுகொண்டிருந்த இளைய மகள் லிடியா அம்மாவுக்காக வீடு திரும்புகிறாள். படம் இதை அன்பு என்று மட்டும் காட்டுகிறது. அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் ஏன் மறுபடியும் மகள் என்ற கேள்வியைப் படம் கேட்கவில்லை.

பிளெஸ்ஸி இயக்கிய மலையாளப் படம் 'தன்மாத்ரா'வை (2005) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். அதில் நினைவிழப்பவன் கணவன், அரசு அலுவலர் ரமேசன் நாயர். அவன் மறக்க மறக்க, மனைவி லேகா அவனுக்கும் சேர்த்து நினைவு வைத்துக்கொள்கிறாள். ஆண் மறந்தாலும் பெண் மறந்தாலும் சுமப்பது இன்னொரு பெண்.

சாவியை வைத்த இடம் மறப்பது ஒன்று. தினம் போகும் தெருவில் வழி தெரியாமல் நிற்பதும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும், பழகிய கணக்கு பிடிபடாமல் போவதும் வேறு. பின்னவை நேர்ந்தால் தள்ளிப்போடக் கூடாது. முன்னது வாழ்க்கையைத் தொந்தரவு செய்தாலும் போகலாம், அனுமதி வேண்டியதில்லை. எப்போது, என்ன மறந்தது என்று தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். வைட்டமின் சீட்டை மட்டும் நீட்டினால் தைராய்டு, பி12 பரிசோதனைகளைக் கேளுங்கள். அன்று காலை மாமியாரின் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று வீட்டில் வேறு யாராவது தெரிந்துகொள்ளட்டும்.