அச்சக் கதையில் நகை: போவின் சிறுகதை ஒன்றும் தமிழாக்கமும்

அச்சக் கதையில் இடம்பெறும் நகைச்சுவை, படிப்பவரின் இறுக்கத்தைச் சற்றே தளர்த்துவதற்கென அமைவது என்பர். எட்கர் ஆலன் போ 1846இல் வெளியிட்ட 'அமான்டிலாடோ மதுப்பீப்பாய்' என்னும் சிறுகதைக்கு இக்கருத்து பொருந்துவதில்லை. அங்கு நகையே அச்சத்தை விளைவிக்கிறது. நகையை இழக்கும் மொழிபெயர்ப்பு அச்சத்தையும் இழந்துவிடும்.

திருவிழா மாலையில் கோமாளி உடையும் மணிகள் தொங்கும் குல்லாயும் அணிந்து குடிமயக்கத்தில் வரும் ஃபார்ச்சுனாட்டோவை, அரிய மதுவைக் காட்டி நிலவறைக்கு அழைத்துச் செல்கிறான் மாண்ட்ரெசர். அங்கே உயிரோடு வைத்துச் சுவரெழுப்பி மூடுகிறான். இறப்பவனின் பெயருக்கு நற்பேறுடையவன் என்று பொருள். தான் இருமலால் சாகப்போவதில்லை என்று அவன் கூற, கொல்பவன் அது மெய்யே என ஒப்புகிறான். நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளல் ஒருவனிடத்தும் பேதைமை மற்றவனிடத்தும் அமைந்துள்ளன. படிப்பவரோ எள்ளுவோன் பக்கம் நின்று நகைத்துவிடுகிறார். அவ்வுடந்தையை உணரும்போதுதான் நடுக்கம் பிறக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு உண்மையான இடர், 'மேசன்' என்னும் சொல்லின் சிலேடையே. ஆங்கிலத்தில் அது கொத்தனாரையும் குறிக்கும். மறைவான சடங்குகளையுடைய சகோதரத்துவச் சங்கத்தின் உறுப்பினரையும் குறிக்கும். நீ மேசனா என்று சங்க உறுப்பினன் ஐயுற்று வினவ, மாண்ட்ரெசர் ஆம் என்று கூறி, மேலங்கிக்குள்ளிருந்து சாந்து பூசும் கரண்டியை எடுத்துக் காட்டுகிறான். 'கொத்தனார்' என்று பெயர்த்தால் சங்கம் மறையும். சங்கத்தின் பெயரை மட்டும் தந்தால் கரண்டி பொருளற்றுப்போகும். அடிக்குறிப்பு இட்டால் பொருள் விளங்கும், நகை எஞ்சாது. ஈழத்துப் பேச்சுவழக்கில் கொத்தனாரை 'மேசன்' என்றே அழைப்பதால், அவ்வாசகர்க்குக் கடன்சொல்லாலேயே சிலேடையின் பெரும்பகுதி நிலைத்துவிடும். தமிழ்நாட்டு வாசகர்க்காக முன்னரே ஓரிடத்தில் இச்சொல்லைத் தொழிற்பொருளில் நுழைத்து வைப்பது தகும். மூலத்தினின்று விலகல்தான், எனினும் அடிக்குறிப்பினும் மேல்.

ஓரிடத்தில் தமிழ், மூலத்தினும் வளமுடையது. ஆங்கில முன்னிலைப் பெயர் மரியாதை காட்டாது. தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்னும் படிநிலை உண்டு. மாண்ட்ரெசரின் உபசாரமே அவனது எள்ளலாதலின் 'தாங்கள்' பொருந்தும். வெறுப்பைப் புலப்படுத்த எண்ணி இறுதியில் 'நீ' என்று மாற்றுவது பிழை. நிலவறையின் ஈரம் உடல்நலத்துக்கு ஆகாது, திரும்பிவிடுங்கள் என்று வேண்டிய அதே பணிவு கடைசிக் கல் வரை நீடிக்கவேண்டும். அக்கல்லை வைக்குமுன் மறுமொழியாகக் கேட்பது குல்லாயின் மணியோசை ஒன்றே. அதனைச் 'சலங்கை' என்றால் ஆடல் மேடையே நினைவுக்கு வரும், 'சிறுமணி' போதும்.